வண்டி வருகிற வரைக்கும்

கப்பலூருக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பைக் சாய்ந்து கிடக்கிறது. பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி 108-க்குப் போன் போடுகிறார். "சார், ஹைவேயில ஆக்சிடென்ட். ஆள் பேச்சு மூச்சில்லாம கெடக்காரு. சீக்கிரம் வண்டிய அனுப்புங்க." சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். பதற்றத்தில் யாரும் இப்படித்தான் பேசுவோம். ஆனால் வண்டி ஓட்டி வருகிற பைலட்டுக்குத் தேவையான ஒன்று அதில் இல்லை. எந்தத் தடம்? மதுரையைப் பார்த்து வருவதா, விருதுநகரைப் பார்த்துப் போவதா? நான்குவழிச் சாலையில் தப்பான தடத்தில் வந்து சேர்ந்தால் அடுத்த திருப்பம் வரை போய் வளைந்து வரவேண்டும். இல்லையென்றால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு சென்டர் மீடியனைத் தாண்டவேண்டும். அதில் ஐந்து நிமிடம் போய்விடும். இதயம் நின்றுபோனவருக்கு மூளை தாங்குவதே நான்கிலிருந்து ஆறு நிமிடம்தான்.

108 அழைப்பை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கீழக்கரை என்றால் ராமநாதபுரத்துக் கீழக்கரையும் உண்டு, அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையும் உண்டு. புதூர் என்று சொன்னால் தமிழ்நாடு முழுக்கப் புதூர்தான். அதனால் முதலில் மாவட்டம், பிறகு தாலுகா, பிறகு ஊர், கடைசியாகக் கண்ணில் படுகிற அடையாளம் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரவேண்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் தடத்தையும் சொன்னால் போதும். ஊருக்குள் என்றால் பெட்ரோல் பங்க், கோயில், ரேஷன் கடை. மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் சந்துகளில் வண்டி நுழையாது என்று தெரிந்தால் அதையும் அப்போதே சொல்லி, சந்து முனையில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அப்புறம் எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா, மூச்சு இருக்கிறதா என்பதும் வேண்டும். இன்னொன்று: கூப்பிட்ட அதே நம்பருக்குத்தான் பைலட் திரும்ப அழைப்பார். அந்த நேரத்தில் நாம் மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் போன் போட்டு லைனை அடைத்து வைத்திருந்தால் வண்டி முக்கு ரோட்டில் நின்று விழிக்கும்.

அவசர மருத்துவத்தில் முதல் உதவியாளர் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சீருடை போட்ட ரோந்துப் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளரான இஎம்டி எல்லோரும் அதில் சேர்த்தி. ஆனால் காலக்கணக்கில் பார்த்தால் முதல் ஆள் இவர்களில் யாருமில்லை. டீக்கடைக்காரர், ஷேர் ஆட்டோ டிரைவர், வயலில் நின்றவர், பஸ் கண்டக்டர். போன் போட்டதற்கும் வண்டி வந்ததற்கும் இடையிலுள்ள நேரம் முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது. நம் ஊரில் அந்த நேரம் இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, "தொடாதப்பா, போலீஸ் கேஸ்" என்று வட்டம் கட்டி நிற்பது. மற்றது, நாலு பேர் சேர்ந்து கை ஒன்று கால் ஒன்றாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போட்டு விரட்டுவது. இரண்டாவது கூட்டம் நல்ல மனசுக்காரர்கள். கெடுதலும் சில சமயம் அவர்களால்தான் வருகிறது.

முதலில் தன் உயிர். ராத்திரி நேரத்தில் ஒரு விபத்தைப் பார்க்க நின்றவர்கள் மேலேயே அடுத்த லாரி ஏறுவது நம் நெடுஞ்சாலைகளில் புதிதில்லை. காரை விபத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல், வாகனங்கள் வருகிற பக்கமாகத் தள்ளி நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, ஒருவர் ஐம்பது அறுபது தப்படி பின்னால் போய், சாலைக்கு வெளியே ஓரத்தில் நின்று செல்போன் டார்ச்சை ஆட்டவேண்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் வரை பக்கத்தில் போகவே கூடாது. செப்டிக் டேங்கிலோ பழைய கிணற்றிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். உள்ளே இருப்பது விஷவாயு. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி ஏறிவிடலாம் என்று நினைப்பது தவறு. அங்கே செய்ய முடிந்தது தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடிப்பது மட்டும்தான்.

அடிபட்டவரிடம் போனதும் கண்ணுக்கு முதலில் தெரியவேண்டியது ரத்தம். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒன்றரை லிட்டர் போனாலே உடல் தடுமாற ஆரம்பிக்கும்: கை கால் ஜில்லென்று ஆகும், நாடி வேகமாக, மெலிதாக ஓடும், ஆள் குழம்பிப் பேசுவார், தண்ணீர் தண்ணீர் என்பார். தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டுச் சிந்தாமலே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். வெளியே பீய்ச்சி அடிக்கிற ரத்தத்தை நிறுத்த விசேஷ சாமான் எதுவும் வேண்டாம். தோளில் கிடக்கிற துண்டு போதும். ஆனால் நம்மவர்கள் துண்டைக் காயத்தின் மேல் சுற்றிக் கட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். துண்டு நனைந்து சிவக்கும், அதன் மேல் இன்னொரு துண்டு சுற்றுவார்கள். அது ரத்தத்தை உறிஞ்சுகிறதே தவிர நிறுத்துவதில்லை. ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம். துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் நீட்டி, உடம்பு எடை முழுவதும் உள்ளங்கை வழியாக இறங்கும்படி அழுத்தவேண்டும். காயம் ஆழமாகக் குழிந்திருந்தால் துணியின் முனையை விரலால் உள்ளே அடி வரைக்கும் திணித்து, குழி நிறைந்த பிறகு மேலே அழுத்தவேண்டும். முழுசாகப் பத்து நிமிடம். நடுவில் "நின்னுருச்சா பாப்போம்" என்று எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கை கால் காயத்தில் அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது உறுப்பே துண்டாகிவிட்டது என்றால் இறுக்குக் கட்டு போடலாம். இதைச் சணல் கயிற்றாலோ பைக் ஒயராலோ போடக்கூடாது. மெல்லிய கயிறு தோலையும் நரம்பையும் அறுக்கும், தமனியை அமுக்காது. குறைந்தது ஒன்றரை அங்குல அகலத் துணி வேண்டும். வேட்டிக் கரையைக் கிழித்தால் சரியாக இருக்கும். காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, முட்டியின் மேலோ முழங்கையின் மேலோ இல்லாமல் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் உறுதியான ஒரு குச்சியையோ ஸ்பேனரையோ வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, ரத்தம் நிற்கிற வரைக்கும் முறுக்கவேண்டும். வலி பயங்கரமாக இருக்கும். அடிபட்டவர் கத்துவார். அவர் கத்துவதைப் பார்த்துத் தளர்த்தினால் பாதி இறுக்கத்தில் தமனி ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வரும் சிரை மட்டும் அடைபடும். ரத்தப்போக்கு முன்னைவிட மோசமாகும். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இறுக்குக் கட்டு பிடிக்காத இடம் ஒன்று இருக்கிறது. இடுப்பும் தொடையும் சேருகிற மடிப்பு. தை மாதம் முதல் மூன்று நாள், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக நடக்கும் ஜல்லிக்கட்டில் கொம்பு தேடிப்போகிற இடங்களில் அதுவும் ஒன்று. கொம்புக் காயத்தின் குணம், வெளியே பார்க்கச் சின்னதாக இருப்பது. கொம்பு உள்ளே போனதும் மாடு தலையை ஆட்டும். ஒரே ஓட்டை வழியாக உள்ளே இரண்டு மூன்று திசையில் கிழிந்திருக்கும். "ரெண்டு தையல் போட்டாச் சரியாயிரும்" என்று எழுந்து நடக்கிறவர் ஒரு மணி நேரத்தில் வெளுத்துப் போவார். தொடை மடிப்பில் குத்தியிருந்தால் துணியைத் திணித்து, முட்டி போட்டு எடையோடு அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குள்ளும் ஏறவேண்டும், கையை எடுக்கக்கூடாது. வயிற்றில் குத்திக் குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக்கூடாது. சுத்தமான துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து மேலே போர்த்தி, ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி வைத்தால் வயிற்றுத் தசை தளரும். நெஞ்சில் ஓட்டை விழுந்து காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் அதைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டக்கூடாது. உள்ளே சேரும் காற்று நுரையீரலை நசுக்கிவிடும். வாடிவாசலில் நிற்கும் மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவக் குழு பக்கத்திலேயே இருக்கிறது. மாடுகள் ஓடிச் சேர்கிற இடத்தில் கயிறும் கையுமாக நிற்கிற மாட்டுக்காரர்களுக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் அந்த வசதி கொஞ்சம் தூரம். அங்கே துணி திணிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருப்பது நல்லது.

அடுத்தது மூச்சுக்குழாய். மயங்கி மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். குறட்டை போலச் சத்தம் வரும். "நல்லாத் தூங்குறாரு, குறட்டை விடுறாரு" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அந்தக் குறட்டைதான் ஆபத்து. வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் வருமாறு நாலு பேர் சேர்ந்து ஒரே உருட்டாகப் பக்கவாட்டில் திருப்பவேண்டும். தலைமாட்டில் இருப்பவர் எண்ணிச் சொல்ல மற்றவர்கள் உருட்ட வேண்டும். கழுத்தெலும்பு உடைந்திருக்குமோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் கழுத்துக்குப் பயந்து மூச்சை அடைபட விட்டால் கழுத்தைக் காப்பாற்றி ஆள் இருக்கமாட்டார். ஹெல்மெட்டுக்கும் இதே கணக்கு. மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியைத் திறந்துவிட்டு அப்படியே விடலாம். மூச்சில்லை, வாந்தி வருகிறது என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும்: ஒருவர் தாடையையும் பிடரியையும் கீழிருந்து அசையாமல் பிடிக்க, மற்றவர் வாரை அறுத்து, இரு பக்கமும் விரித்து, மூக்கு சிக்காமல் மெதுவாக உருவவேண்டும். தனி ஆளாக இழுக்கக்கூடாது.

எல்லா விபத்திலும் யாராவது ஒருவர் சோடா பாட்டிலோடு ஓடி வருவார். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குத்தான் போகும். நினைவோடு இருப்பவருக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வரும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இதே வகைதான். வலிப்பு தானாக நிற்பதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லையா என்பதைக் கடிகாரத்தில் பார்த்து வைப்பதுதான் உதவி.

இதயம் நின்றுபோனவர்களில் பலர் உடனே அசைவற்றுப் போவதில்லை. வாயைத் திறந்து, மீன் போல, சில நொடிக்கு ஒருமுறை காற்றை இழுப்பார்கள். நம் ஊரில் அதை "இழுத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். உயிர் இருக்கிறது என்று காத்திருப்பார்கள். அது மூச்சே இல்லை. தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இப்படி இழுப்பாக இருக்கிறது என்றால் நெஞ்சு அழுத்தத்தை உடனே தொடங்கவேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கயிற்றுக் கட்டிலில் கிடந்தால் முதலில் தரையில் இறக்கவேண்டும். கட்டிலில் வைத்து அழுத்தினால் கயிறுதான் கீழே போகும், நெஞ்சு போகாது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக எழும்ப விடவேண்டும். மேலே சாய்ந்தபடியே அழுத்தினால் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிறையாது. விலா எலும்பு மளுக்கென்று முறியும் சத்தம் கேட்கலாம். கேட்டாலும் நிறுத்தக்கூடாது.

தமிழில் எண்ணுகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று பத்து வரை வேகம் சரியாக வரும். "பதினொன்னு, பதினேழு, இருபத்திரெண்டு" என்று போகும்போது வார்த்தை நீண்டு, கையும் கூடவே மெதுவாகிவிடும். அதனால் முப்பது வரை எண்ணாமல் ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று தடவை எண்ணுவது நல்லது. ஒரு பத்து, ஐந்திலிருந்து ஆறு நொடிக்குள் முடியவேண்டும். பழகியவர் என்றால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. பழகாதவர் விடாமல் அழுத்தினால் போதும். கிணற்றிலோ கண்மாயிலோ மூழ்கியவருக்கு மட்டும் மூச்சு கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும், அவருக்குக் குறைந்தது காற்று. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலை வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கு" என்று தோன்றினாலும் ஆழம் குறைந்திருக்கும், அழுத்துகிறவருக்கு அது தெரியாது.

பாம்புக்கடியில் முதல் உதவியாளரின் வேலை பெரும்பாலும் மற்றவர்களைத் தடுப்பது. கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, பாம்பைத் தேடி அடித்துத் தூக்கி வராதே. மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் குச்சி வைத்துக் கட்டி, நடக்க விடாமல் கொண்டுபோகவேண்டும். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்கக்கூடாது. தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. பல்தடமும் தெரியாது, வலியும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுகிறவருக்கு இமை சரிய ஆரம்பித்தால் அதைச் சந்தேகிக்கவேண்டும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்டு, அந்த எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இருபது வரை எண்ணியவர் கால் மணி நேரம் கழித்துப் பன்னிரண்டில் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். முறிமருந்து 10 குப்பியில்தான் வழக்கமாகத் தொடங்குகிறார்கள். அதைப் போட்டுவிட்டுக் கவனிக்கவேண்டியதுதான் முக்கியம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் வெயிலில் சுருண்டு விழுகிறவர், உடம்பு கொதித்து, உளற ஆரம்பித்தால் அது வெறும் மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு. வண்டிக்குக் காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்கவேண்டும்: உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருப்பது. தண்ணீர்ப் பந்தல் பக்கத்திலேயே இருக்கும்.

இனி வண்டிக்குள். 108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் வந்தது. ஒரு இஎம்டி, ஒரு பைலட், இரண்டே பேர். இஎம்டி செய்கிற வேலைகளில் அதிகம் பிசகுவது ஆம்பு பை, மூச்சில்லாதவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கிற பை. வளர்ந்தவருக்கான பையில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று. கொடுக்கவேண்டியது 500 முதல் 600 மில்லி. அதாவது மூன்றில் ஒரு பங்கு அமுக்கினால் போதும், ஆறு நொடிக்கு ஒருமுறை. பதற்றத்தில் இரண்டு நொடிக்கு ஒருமுறை முழுப் பையையும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்கு வரும் ரத்தமும் குறையும். மயங்கிய யாராக இருந்தாலும் விரலில் ஒரு குத்து குத்திச் சர்க்கரை பார்க்காமல் வண்டியை எடுக்கக்கூடாது. பக்கவாதம் என்று கொண்டுபோனவர்களில் சிலருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது மட்டும்தான் காரணமாக இருக்கும்.

ஆக்ஸிஜனை மனக்கணக்காகப் போடத் தெரியவேண்டும். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு தண்ணீர்க் கணக்கில் 10 லிட்டர். மீட்டரில் அழுத்தம் 150 பார் என்று காட்டினால், பத்தால் பெருக்கி 1500 லிட்டர் ஆக்ஸிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 100 நிமிடம். மீட்டர் 50-க்கு இறங்கியிருந்தால் மிச்சம் 500 லிட்டர், அரைமணி நேரத்துக்குச் சற்றே அதிகம். உசிலம்பட்டியிலிருந்து மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நாகமலை புதுக்கோட்டை வரை பறந்து வந்தாலும் காளவாசலில் நெரிசல் இருக்கும். அந்த 50 போதாது. கிளம்பும்போதே தெரிந்தால் சிலிண்டரை மாற்றலாம், காளவாசலில் தெரிந்தால் வேண்டிக்கொள்ளத்தான் முடியும்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கா என்ற சண்டை வண்டிக் கதவிலேயே நடக்கும். தலைக்காயம், பக்கவாதம் என்றால் ஸ்கேன் இல்லாத இடத்தில் நிற்பது வீண். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அது கடைசியாக ஆள் நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை. மூச்சே நிற்கப்போகிறது, ரத்தம் நிற்கவில்லை என்றால் மட்டும் வழியிலிருக்கும் அரசு மருத்துவமனையில் நின்று சரிசெய்துவிட்டுப் போகலாம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ, சாட்சிக்கு நில் என்று பிடித்துவைக்கவோ முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவும் 2020-இல் வந்த விதிகளும் அதற்குத்தான். இதைச் சொல்லத் தெரிந்திருந்தால் வட்டம் கட்டி நிற்கிற கூட்டத்திலிருந்து இரண்டு பேராவது முன்னால் வருவார்கள்.

ஒப்படைக்கும்போது கதை சொல்லக்கூடாது. எப்படி அடிபட்டது, எங்கெங்கே அடி, நாடியும் மூச்சும் நினைவும் எப்படி இருக்கின்றன, என்ன செய்தோம், எத்தனை மணிக்குச் செய்தோம். அரை நிமிடத்தில் முடியவேண்டும். பர்ஸ், நகை, போன் எல்லாவற்றையும் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதில் பேர் கெட்டுப்போனவர்கள் நிறைய.

அடிபட்டவரின் அந்தப் போன் நடுவழியில் அடிக்கும். திரையில் அம்மா என்றோ வீடு என்றோ இருக்கும். எடுக்கவேண்டும். "ஒன்னுமில்லம்மா" என்று சொல்லக்கூடாது, "சீரியஸ்" என்றும் சொல்லக்கூடாது. நம் பெயர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், தனியாக வண்டி ஓட்டி வரவேண்டாம், ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் அழ ஆரம்பிப்பதற்குள் கேட்டுவிட வேண்டியவை மூன்று: சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, எந்த மருந்தாவது அவருக்கு ஒத்துக்கொள்ளாதா.